முதலில் இன்சூரன்ஸ், பிறகு கார்

பிரிட்டனில் இருக்கும் உங்கள் மகனுக்கோ மகளுக்கோ 17 வயது ஆகப்போகிறது. கார் பழக ஆசைப்படுகிறார்கள். சின்னதாக ஒரு பழைய கார் வாங்கிக் கொடுக்கலாமே என்று நீங்களும் நினைக்கிறீர்கள். ஹாரோ, ஈஸ்ட் ஹாம், லெஸ்டர் என்று எங்கே இருந்தாலும் இந்தப் பேச்சு எழாத தமிழ்க் குடும்பம் குறைவு. பேச்சு எழுந்ததும் எல்லோரும் விற்பனைக்கு வந்திருக்கும் கார்களைத்தான் முதலில் தேடுகிறார்கள். நீங்கள் அந்த வரிசையை மாற்றுங்கள். முதலில் இன்சூரன்ஸ் விலையைக் கேளுங்கள். காரை அதன்பிறகு பார்க்கலாம்.

அப்படியென்ன அவசரம் இன்சூரன்ஸுக்கு? 17 வயதுக்காரருக்கான ஒரு வருட இன்சூரன்ஸ், நீங்கள் வாங்கப்போகும் பழைய காரின் விலையையே எட்டிவிடலாம். சிலவேளை தாண்டியும் விடும். கார் 2,500 பவுண்டு, அதற்கு வருட இன்சூரன்ஸ் 2,400 என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு கார் 3,500 பவுண்டு, ஆனால் இன்சூரன்ஸ் 1,500. முதலாவது மலிவாகத் தெரிகிறது. இரண்டு வருடம் கழித்துக் கணக்குப் பாருங்கள்: முதலாவதற்கு 7,300, இரண்டாவதற்கு 6,500. இரண்டாவது காரை விற்கும்போது கையில் வரும் பணமும் கூடுதலாகவே இருக்கும்.

‘கார் பழையது, விலையும் குறைவு. பிறகு ஏன் இன்சூரன்ஸ் மட்டும் இவ்வளவு?’ என்று கேட்பீர்கள். இன்சூரன்ஸ் நிறுவனம் அஞ்சுவது உங்கள் காரை நினைத்து அல்ல. பிள்ளை ஓட்டும் கார் மோதி ஒருவர் படுகாயமடைந்தால், அவருடைய வாழ்நாள் முழுவதற்குமான பராமரிப்புக்கே பல இலட்சம் பவுண்டு கொடுக்க வேண்டிவரும். அனுபவமில்லாத கை, இரவு நேரம், காருக்குள் நண்பர்கள் என்று எல்லாம் சேரும்போது இத்தகைய மோதல்கள் கூடுகின்றன. அந்த ஆபத்துக்குத்தான் விலை வைக்கிறார்கள். அதனால் காரின் வயது கூடுவதால் மட்டும் இன்சூரன்ஸ் குறைந்துவிடாது.

மகளுக்குக் குறைவாக இருக்குமா? முன்பு இருந்தது. 2012 டிசம்பர் 21 முதல் ஆண், பெண் என்று பார்த்து விலை வைக்கக் கூடாது என்பது சட்டம்.

‘மூன்றாம் தரப்பு’ (எதிராளியின் சேதத்துக்கு மட்டும் பணம் தரும்) இன்சூரன்ஸ் எடுத்தால் மலிவாகாதா? பெயரைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். ஆனால் இளையோர் விஷயத்தில் பல நேரம் முழுக் காப்பு (உங்கள் காரின் சேதத்தையும் ஏற்பது) அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. விபத்துகளில் அதிகம் சிக்குகிறவர்கள் மூன்றாம் தரப்புக் காப்பை நாடியதால் அதன் விலை ஏறிப்போனது. இரண்டுக்கும் விலை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இனி காருக்கு வருவோம். பிரிட்டனில் கார்களுக்கு 1 முதல் 50 வரை ஓர் எண் உண்டு. இதை இன்சூரன்ஸ் குரூப் (எந்தக் காருக்குக் காப்புச் செலவு எவ்வளவு என்று காட்டும் தொகுதி எண்) என்பார்கள். 1 என்றால் மிகக் குறைவு. 50 என்றால் மிக அதிகம். தாட்சம் ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனம் இந்தப் பணியை நடத்துகிறது. உதிரிப் பாகங்களின் விலை, பழுதுபார்க்க ஆகும் நேரம், இயந்திரத்தின் வலு, திருட்டுத் தடுப்பு, பாதுகாப்பு வசதிகள் எல்லாவற்றையும் பார்த்து எண் வைக்கிறார்கள். புதிதாகச் சந்தைக்கு வரும் கார்களுக்கு இப்போது வேறு மதிப்பீட்டு முறை வந்திருக்கிறது. நீங்கள் பார்க்கப்போகும் பழைய கார்களுக்கு இந்த எண்தான் பொருந்தும். காரின் பதிவு எண்ணைப் போட்டு இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

எந்தெந்தக் கார்கள்? ஃபோக்ஸ்வாகன் அப், அதே தொழிற்சாலையில் பிறந்த ஸ்கோடா சிட்டிகோ, ஹூண்டாய் ஐ10 ஆகிய மூன்றிலும் 1.0 லிட்டர் அடிப்படைப் பதிப்புகள் குரூப் 1இல் இருந்தவை. கியா பிகாண்டோ, டொயோட்டா அய்கோ, அய்கோவோடு ஒன்றாகத் தயாரான சித்ரோன் சி1, பீஜோ 108 ஆகியவையும் தாழ்ந்த எண்காரர்கள்தாம். கொஞ்சம் பெரிதாக வேண்டுமென்றால் சிறு இயந்திரம் கொண்ட வாக்ஸால் கோர்ஸா, ஃபோர்ட் ஃபியஸ்டா. இவற்றுக்கு உதிரிப் பாகம் எங்கும் கிடைக்கும், எந்த கராஜிலும் வேலை செய்வார்கள். பிள்ளையின் முதல் காருக்கு இது பெரிய வசதி.

பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். ஃபியஸ்டா என்ற ஒரே பெயருக்குள் ஒற்றை இலக்க குரூப்பும் இருக்கிறது, முப்பதை ஒட்டிய எஸ்.டி. பதிப்பும் இருக்கிறது. ‘அப்’ காரிலும் 115 குதிரைசக்தி ஜி.டி.ஐ. என்று ஒன்று உண்டு. விளம்பரத்தில் இரண்டும் ஒரே கார் போலத்தான் தெரியும். இயந்திரத்தின் அளவு, பதிப்பின் பெயர், வருடம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

குரூப் 1 கார் வாங்கினால் விலை தானாகக் குறைந்துவிடுமா என்றால், இல்லை. அந்த எண் காரைப் பற்றியது மட்டும். வயது, லைசென்ஸ் எடுத்து எத்தனை காலம், வீட்டின் போஸ்ட்கோட், கார் இரவில் நிற்கும் இடம், வருடத்துக்கு எத்தனை மைல் எல்லாம் சேர்ந்துதான் கடைசி விலை வரும். சில நேரம் குரூப் 5 கார், குரூப் 2 காரைவிட மலிவாக அமையும். ஆகவே நான்கைந்து கார்களின் பதிவு எண்களை எடுத்து, பிள்ளையின் உண்மையான விவரங்களோடு ஒப்பீட்டுத் தளங்களில் போட்டுப் பாருங்கள். இதற்குக் காரை வாங்கியிருக்க வேண்டியதில்லை, விளம்பரத்தில் தெரியும் எண்ணே போதும்.

இதைச் செய்யும்போது ஒவ்வொரு காருக்கும் இரண்டு விலை கேளுங்கள். ‘பழகுநர்’ என்று போட்டு ஒன்று. ‘லைசென்ஸ் எடுத்தாயிற்று, அனுபவம் பூச்சியம்’ என்று போட்டு மற்றொன்று. பழகும் காலத்தில் பக்கத்தில் பெரியவர் இருப்பதால் விலை குறைவாக வரும். டெஸ்ட் தேறிய மறுநாள் பிள்ளை தனியே ஓட்டத் தொடங்கும். விலை அப்போது தாவும். முதல் விலையை மட்டும் நம்பிக் கார் வாங்கிய பெற்றோர் ஆறு மாதத்தில் திகைத்துப்போவது இதனால்தான். உங்கள் வரவுசெலவில் எழுத வேண்டியது இரண்டாவது விலை.

மலிவை மட்டும் பார்க்காதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். பிள்ளை அனுபவம் குறைந்த நாட்களில் ஓட்டப்போகும் கார் இது. குடும்பத்திலேயே மிகப் பாதுகாப்பான கார் அவர்கள் கையில் இருப்பதுதான் நியாயம். யூரோ என்கேப் (கார்களை மோதவிட்டுச் சோதித்து நட்சத்திரம் வழங்கும் அமைப்பு) தளத்தில் அந்த மாடலைத் தேடுங்கள். நட்சத்திரத்தோடு சோதனை நடந்த வருடத்தையும் பாருங்கள். ஃபியட் பாண்டா 2011இல் 4 நட்சத்திரம் பெற்றது. விதிகள் கடுமையான பிறகு 2018இல் சோதித்தபோது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. காரின் விலையில் முந்நூறு, நானூறு பவுண்டு கூடினாலும், தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி உள்ள பதிப்பு கிடைத்தால் அதை எடுங்கள். வழுக்கும் சாலையில் காரை நிலைப்படுத்தும் கருவி (ஈ.எஸ்.சி.) இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். 2014 இறுதிக்குப் பிறகு விற்ற எல்லாப் புதுக் கார்களிலும் அது கட்டாயம்.

வரி விஷயத்தில் ஒரு சிறு சூட்சுமம் உண்டு. 2017 மார்ச் 31 வரை பதிவான கார்களுக்கு, அவை வெளியிடும் கரியமில வாயுவின் அளவுப்படி சாலை வரி. கிலோமீட்டருக்கு 100 கிராமுக்குள் வெளியிடும் சிறு கார்களுக்கு அது 2025 ஏப்ரலில்தான் வருடத்துக்கு 20 பவுண்டு ஆனது, அதற்கு முன் வரியே இல்லை. ஆனால் 2017 ஏப்ரல் 1 முதல் பதிவான அதே மாதிரிக் காருக்கு 2025 கணக்கில் 195 பவுண்டு. இரண்டு கார்கள் மற்றபடி ஒன்றுபோல் இருந்தால் பதிவு மாதத்தைப் பாருங்கள். காரோடு வரி கைமாறாது என்பதும் நினைவிருக்கட்டும்; வாங்கியவர் புதிதாகக் கட்ட வேண்டும்.

லண்டனில் இருப்பவர்கள் யூலெஸ் (அதிகப் புகை விடும் வண்டிகளுக்குக் கட்டணம் விதிக்கும் வலயம்) பற்றியும் பார்க்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 29 முதல் அது எல்லா பரோக்களுக்கும் வந்துவிட்டது. தரத்துக்குட்படாத கார் ஓடும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. 2006க்குப் பிந்தைய பெட்ரோல் கார் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. டீசல் என்றால் 2015 செப்டம்பருக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். முதல் காருக்கு டீசல் வேண்டாம் என்பதே என் கருத்து.

இப்போது எல்லா வீடுகளிலும் எழும் கேள்விக்கு வருகிறேன். ‘இன்சூரன்ஸை என் பெயரில் எடுத்து, பிள்ளையைக் கூடுதல் ஓட்டுநராகச் சேர்த்தால் பாதி விலைதானே வருகிறது?’

அந்தக் காரை அதிகம் ஓட்டப்போவது யார் என்பதுதான் இதற்கு விடை சொல்லும். உண்மையிலேயே அது உங்கள் கார், நீங்கள் தினமும் வேலைக்கு ஓட்டுகிறீர்கள், பிள்ளை சனி ஞாயிறுகளில் எடுக்கும் என்றால் தாராளமாகச் சேர்க்கலாம். அது சட்டப்படி சரி. கார் பிள்ளைக்காக வாங்கியது, பிள்ளைதான் ஓட்டப்போகிறது, விலை குறைய வேண்டும் என்பதற்காக மட்டும் உங்கள் பெயரை முன்னால் வைத்தால் அதற்கு ‘ஃப்ரன்டிங்’ (உண்மையான ஓட்டுநரை மறைத்து வேறொருவரைக் காட்டுதல்) என்று பெயர். அது மோசடி.

‘ஊரெல்லாம் செய்கிறார்களே, எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?’ எப்போது கண்டுபிடிப்பார்கள் என்று கேளுங்கள். பணம் கட்டும்வரை யாரும் எதுவும் கேட்பதில்லை. விபத்து நடந்த பிறகுதான் விசாரணை. கார் தினமும் எங்கே நின்றது, கல்லூரி வாகனத் தரிப்பிடத்துக்கு அனுமதி யார் பெயரில், உங்களுக்கு வேறு கார் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். பொய் தெரிந்தால் பாலிசி தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று அறிவிக்கலாம். உங்கள் காருக்கு ஒரு பென்னியும் வராது. எதிராளிக்கு நிறுவனம் கொடுத்த தொகையை உங்களிடமே திரும்பக் கேட்கவும் முடியும்.

அதோடு முடிவதில்லை. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதாகக் கணக்காகிவிட்டால் 300 பவுண்டு அபராதமும் லைசென்ஸில் 6 புள்ளிகளும் விழும். வழக்கு நீதிமன்றம் போனால் அபராதத்துக்கு உச்சவரம்பே இல்லை. பிள்ளை டெஸ்ட் தேறி இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி வாங்கினால் லைசென்ஸ் பறிபோகும். எழுத்துத் தேர்விலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். இதற்குப் பிறகு எந்த நிறுவனத்திடம் போனாலும் ‘உங்கள் பாலிசி எப்போதாவது ரத்தானதா?’ என்ற கேள்வி வரும், அதற்கு ‘ஆம்’ என்று எழுத வேண்டியிருக்கும். சேமித்த சில நூறு பவுண்டுக்குப் பதிலாகப் பிள்ளை பல வருடம் கூடுதல் விலை கட்டும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

நேர்மையாகவே விலையைக் குறைக்க வழி இருக்கிறது. பிள்ளையை முதன்மை ஓட்டுநராகப் போட்டு, அனுபவமுள்ள உங்களைக் கூடுதல் ஓட்டுநராகச் சேருங்கள். நீங்கள் உண்மையாகவே அந்தக் காரை இடையிடையே ஓட்டுவீர்கள் என்றால் இது முழுக்கச் சரி. பல நேரம் விலையும் இறங்கும். அதைவிட முக்கியம், விபத்தில்லாத வருடத்துக்கான தள்ளுபடி பிள்ளையின் பெயரில் சேரத் தொடங்கும். கூடுதல் ஓட்டுநராக இருப்பவருக்கு அது பொதுவாகச் சேர்வதில்லை.

மற்றொரு வழி கறுப்புப் பெட்டி (வேகம், பிரேக் பிடிக்கும் விதம், ஓட்டும் நேரம் ஆகியவற்றைப் பதிவுசெய்து நிறுவனத்துக்கு அனுப்பும் கருவி). சிலர் பெட்டிக்குப் பதில் கைபேசிச் செயலி தருகிறார்கள். 17, 18 வயதில் இது நல்ல தேர்வு என்று நான் நினைக்கிறேன். ஓட்டும் விதத்தைப் பிள்ளையே எண்ணாகப் பார்க்க முடிகிறது. ஆனால் விதிகளை வாசித்துவிட்டு எடுங்கள். சில பாலிசிகளில் நள்ளிரவு ஓட்டத்துக்குக் கூடுதல் கட்டணமோ தடையோ உண்டு. இரவு வேலை முடிந்து வீடு திரும்பும் பிள்ளைக்கு அது ஒத்துவராது. மிகை வேகம் தொடர்ந்து பதிவானால் பாலிசியை ரத்துசெய்யவும் கூடும்.

எக்ஸஸ் (விபத்துச் செலவில் முதலில் நீங்கள் கட்ட வேண்டிய பங்கு) தொகையை உயர்த்தினால் விலை குறையும். இளையோருக்குக் கட்டாய எக்ஸஸே அதிகம். அதன்மேல் நீங்களாகச் சேர்க்கும் தொகையும் கூடும்போது, காரின் விலையில் பெரும்பகுதியை நீங்களே கட்டும் நிலை வரலாம். நாளைக்கே எடுத்துக் கொடுக்கக்கூடிய தொகைக்கு மேல் போகாதீர்கள்.

‘கார் இப்போதே வாங்கத்தான் வேண்டுமா?’ அவசியமில்லை. உங்கள் வீட்டுக் காரிலேயே பழகலாம். அதற்கென்று பழகுநர் இன்சூரன்ஸ் தனியாகக் கிடைக்கிறது. சில மணி நேரத்துக்கு, ஒரு வாரத்துக்கு, சில மாதங்களுக்கு என்று எடுக்கலாம். பிள்ளை எங்காவது உரசிவிட்டாலும் உங்கள் பெயரில் இருக்கும் தள்ளுபடி பெரும்பாலும் பாதிக்கப்படாது. டெஸ்ட் தேறும்வரை இப்படி ஓட்டிவிட்டு, பிறகு நிதானமாகக் கார் தேடுவது பல குடும்பங்களுக்குப் பொருந்தும்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. பெரும்பாலான பழகுநர் பாலிசிகள் டெஸ்ட் தேறிய அந்த நிமிடமே முடிந்துவிடும். தேறிய மகிழ்ச்சியில் பிள்ளை காரை வீட்டுக்கு ஓட்டிவந்தால், அது இன்சூரன்ஸ் இல்லாத ஓட்டம். திரும்பி வரும்போது நீங்கள் ஓட்டுங்கள்.

பழகும்போது பக்கத்தில் யார் உட்காரலாம்? 21 வயதுக்கு மேற்பட்டவராக இருக்க வேண்டும். முழு லைசென்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும், அந்த லைசென்ஸ் பிரிட்டன் அல்லது குறிப்பிட்ட ஐரோப்பிய நாடுகளுடையதாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் தவறு நடப்பது இங்கேதான். இலங்கை, இந்திய லைசென்ஸ் இந்தக் கணக்கில் சேராது. ஊரில் 20 வருடம் வண்டி ஓட்டிய மாமாவாக இருக்கலாம். இங்கே டெஸ்ட் தேறி ஒரு வருடம்தான் ஆகிறது என்றால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பழக்க முடியாது. ஆட்டோமேட்டிக் லைசென்ஸ் மட்டும் வைத்திருப்பவர் மேனுவல் காரில் பழக்கவும் முடியாது. மீறினால் 1,000 பவுண்டு வரை அபராதம், 6 புள்ளி வரை தண்டனை. மோட்டார்வேயில் பெற்றோரோடு பழக அனுமதியில்லை. அங்கீகாரம் பெற்ற பயிற்றுநரோடு, இரட்டைப் பிரேக் வசதியுள்ள காரில் மட்டும் போகலாம்.

விண்ணப்பத்தில் எழுதும் சின்ன விவரங்களும் பிறகு பெரிதாகலாம். கார் பல்கலைக்கழக நகரத்தில் நிற்கப்போகிறது என்றால் அந்த முகவரியைச் சொல்ல வேண்டும். பகுதிநேர வேலைக்குக் காரில் போகிறவர் அதைக் குறிப்பிட வேண்டும். பீட்சாவோ பிரியாணியோ விநியோகிக்கச் சாதாரண இன்சூரன்ஸ் செல்லாது, தனிக் காப்பு தேவை. முந்தைய உரிமையாளர் அலாய் சக்கரம், கறுப்புக் கண்ணாடி என்று எதையாவது மாற்றியிருந்தால் அதையும் சொல்லுங்கள். மாற்றம் எதுவும் செய்யாத காரை வாங்குவது இன்னும் நல்லது.

‘எனக்குத் தெரிந்த ஒருவர் பாதி விலைக்கு எடுத்துத் தருகிறாராம்’ என்று பிள்ளை சொன்னால் நில்லுங்கள். சமூக வலைத்தளங்களில் போலி இன்சூரன்ஸ் விற்கும் ஆட்கள் இளையோரைத்தான் குறிவைக்கிறார்கள். பொய் விவரம் கொடுத்து பாலிசி எடுப்பார்கள், அல்லது பத்திரத்தையே போலியாகச் செய்வார்கள். பணம் கட்டிய பிள்ளைக்குக் காவல்துறை நிறுத்தும்போதுதான் உண்மை தெரியும். கார் உண்மையில் காப்பில் இருக்கிறதா என்பதை மோட்டார் இன்சூரன்ஸ் தரவுத்தளத்தில் பதிவு எண்ணைப் போட்டு இலவசமாகச் சரிபார்க்கலாம்.

சரி, காரைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். போய்ப் பார்க்கும் முன் அரசாங்க இணையதளத்தில் எம்.ஓ.டி. (மூன்று வயதான கார்களுக்கு வருடந்தோறும் நடக்கும் தகுதிச் சோதனை) வரலாற்றைப் பாருங்கள். இலவசம்தான். ஒவ்வொரு வருடமும் எத்தனை மைல் ஓடியது, எதற்காகத் தவறியது என்று எல்லாம் இருக்கும். மைல் எண்ணிக்கை நடுவில் குறைந்திருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

இன்னும் கொஞ்சம் பணம் கட்டி, கார்மீது கடன் பாக்கி உண்டா, முன்பு பெரிய விபத்தில் சிக்கியதா என்றும் பார்த்துவிடுங்கள். ‘கேட் எஸ்’ என்றால் காரின் சட்டகத்தில் அடிபட்டுச் சரிசெய்தது, ‘கேட் என்’ என்றால் சட்டகத்தில் அடிபடாதது. இவை மலிவாக வரும். ஆனால் சில நிறுவனங்கள் இன்சூரன்ஸ் தர மறுக்கும், விற்கும்போதும் விலை போகாது. பிள்ளையின் முதல் காருக்கு இரண்டுமே வேண்டாம்.

வி5சி (காரின் பொறுப்பாளர் யார் என்று காட்டும் பதிவுப் புத்தகம்) விற்பவர் கையில் இருக்க வேண்டும். அதிலுள்ள முகவரியிலேயே போய்க் காரைப் பாருங்கள். கடையில் வாங்கினால், விற்கும்போதே இருந்த பழுது தெரியவந்தால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை சட்டத்தில் உண்டு. தனியாரிடம் வாங்கினால் அந்த அளவு பாதுகாப்பு இல்லை. பணம் கைமாறும் முன் இன்சூரன்ஸைத் தொடங்கிவிடுங்கள். காப்பில்லாமல் வீட்டுக்கு ஓட்டிவர முடியாது.

டெஸ்ட் தேறியதும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு அறிவியுங்கள். ஒரு வருடம் விபத்தில்லாமல் கழிந்தால், பாலிசி தானாகப் புதுப்பிக்கப்படும்வரை காத்திருக்காமல் மூன்று வாரத்துக்கு முன்பே மறுபடி எல்லா இடங்களிலும் விலை கேளுங்கள். பழைய நிறுவனத்திடம் தள்ளுபடிச் சான்றை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புது நிறுவனம் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.